கிள்ளானுக்கு மேலே ஒரு வட்டம்

தங்கச்சி கேட்டது இதுதான்.

"அண்ணே, நீங்க ஒரு தடவ அவரோட ஏறிப் பாத்துட்டு வாங்க. நீங்க போலாம்னு சொன்னா நானும் பிள்ளையும் ஏறுறோம். வேணாம்னு சொன்னா, அவரு என்ன குதிகுதிச்சாலும் நான் ஏற மாட்டேன்."

பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் பிளாட்டு. சமையல்கட்டில் நின்றுகொண்டு சொன்னாள். இடுப்பில் பிள்ளை. ஒரு வயசு முடிந்து கொஞ்ச நாள்தான். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். சரி என்றேன்.

பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் காஜாங்கில் என் வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு சொல் சொன்னால் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் ஓட்டுகிற விமானத்தில் ஏறுவாள்.

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எழுபதுகளில் நான் படையில் இருந்தேன். பதினைந்து வயசில், மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மூட்டை ஏற்றத்தான் எடுத்தார்கள். பிறகு ஹெலிகாப்டர் வாசலில் நிற்க ஆள் போதவில்லை. என்னை நிறுத்தினார்கள். காட்டுக்குள் இருக்கிற சிப்பாய்களுக்கு அரிசி, டின் மீன், பேட்டரி கொண்டுபோய் இறக்குவோம். திரும்பும்போது காய்ச்சல்காரன், அடிபட்டவன், சில நேரம் செத்தவன்.

வாசலில் நிற்கிறவனுக்கு என்ன வேலை என்றால், பைலட்டுக்கு முதுகில் கண் கிடையாது. மரங்களை வெட்டிக் கிணறு மாதிரி ஒரு இடம் வைத்திருப்பார்கள். அதற்குள் இறங்க வேண்டும். வால் பக்கம் கிளை இருப்பது அவருக்குத் தெரியாது. நான் இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு வெளியே தலையை நீட்டிச் சொல்வேன். இங்கிலீஷில்தான். லெப்ட். ஸ்டெடி. டவுன். கிளை நெருங்கினால் ஒரே சொல். அப். அதைக் கேட்டால் பைலட் ஏன் என்று கேட்க மாட்டார். தூக்கிவிடுவார். அங்கே அதிகம் பேசினால் ஆபத்து. எனக்குப் பேச்சு குறைந்தது அங்கேதான். இடது காதில் பாதி போனதும் அங்கேதான்.

காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள் எங்களைச் சுட்டிருக்கிறார்கள். ஒரு தடவைதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும். தகரத்தை யாரோ விரலால் சுண்டிய மாதிரி சத்தம். கீழே பார்த்தேன். பச்சையைத் தவிர ஒன்றும் இல்லை. இறங்கிய பிறகுதான் பார்த்தோம், ஒரு அரிசி மூட்டையில் ஓட்டை. அரிசி தரையில் கோடாகக் கொட்டிக் கிடந்தது. அந்த மூட்டையில்தான் நான் முட்டியை ஊன்றி நின்றிருந்தேன். ஆகாயத்தில் சண்டை என்றால் எனக்கு அதுதான். எதிரி முகத்தைப் பார்த்ததே இல்லை.

மாப்பிள்ளை பார்த்த சண்டை வேறு.

அவருக்குக் கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்புகிற கம்பெனியில் வேலை. தொண்ணூறுகளில் எல்லாரும் கம்பியூட்டர் வாங்க ஆரம்பித்தபோது அவரும் வாங்கினார். பிடித்து ஆட்டுகிற ஒரு தடியும் வாங்கினார். சண்டை விமான கேம். வேலை முடிந்து வந்தால் அதற்கு முன்னால்தான் உட்காருவார். திரையில் வானம் இருக்கும், கடல் இருக்கும், எதிரி விமானத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் இருக்கும். அந்தக் கட்டம் எங்கே போகிறதோ இவரும் அங்கே திரும்புவார். நாற்காலியோடு சேர்ந்து சாய்வார்.

"மச்சான், இதுல ஒரே ரூல்தான். அவன கண்ணுல இருந்து விட்டா நாம காலி."

இதெல்லாம் சத்தமே இல்லாமல் நடக்கும். குண்டு வெடிக்கும், விமானம் எரியும், மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. பிள்ளை பக்கத்து அறையில் தூங்கும். தங்கச்சி உத்தரவு. "அது எழுந்திருச்சா நீங்கதான் தூக்கி வச்சிக்கணும்." அவர் சத்தத்தை மூடிவிடுவார். மாசக்கணக்கில் அப்படித்தான் விளையாடினார்.

என்னையும் ஒரு நாள் உட்கார வைத்தார். தடியைப் பிடித்தேன். ஏறினேன். கவிழ்ந்தேன். கடலில் போய்க் குத்தினேன். மறுபடியும் குத்தினேன்.

"என்னா மச்சான், படையில சோறு மட்டும்தான் தூக்குனீங்களா?"

"ஆமா. சோறுதான்."

தங்கச்சி சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் குத்துகிற நேரத்தில் என் வலது முட்டி எதையோ ஊன்றத் தேடியது. ஊன்ற ஒன்றும் இல்லை.

கேமோடு அவர் நிற்கவில்லை. சுபாங்கில் சின்ன விமானம் ஓட்டக் கற்றுத் தருகிற இடத்தில் சேர்ந்தார். விடுமுறை நாளெல்லாம் அங்கேதான். வாத்தியாரிடம் ஒழுங்காகக் கற்றார். லைசென்சும் வாங்கிவிட்டார். மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு பறக்க வேண்டும் என்று ஆசை. அதற்குத்தான் தங்கச்சி என்னை முதலில் ஏறச் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சுபாங் போனோம். நாலு பேர் உட்காரும் விமானம். தலைக்கு மேலே இறக்கை. நான் ஓட்டுகிற லோரியின் கதவு இதைவிடக் கனம். மாப்பிள்ளை சுற்றிச் சுற்றி வந்து எல்லாம் பார்த்தார். எண்ணெய் பார்த்தார், டயரைத் தொட்டார், இறக்கை ஓரத்தைத் தடவினார். அவசரம் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. மனசுக்குள் ஒரு பக்கம் 'போலாம்' என்று எழுதிக்கொண்டேன்.

ஏறினோம். நான் வலது பக்கம். காதில் மைக் வைத்த மூடி. சாதாரணமாகத்தான் எழும்பியது. ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. இது நிற்காது. ஹெலிகாப்டர் நினைத்த இடத்தில் காற்றில் நிற்கும். பயம் வந்தால் நின்று யோசிக்கலாம். இது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெயில் இருந்தது, லேசான புகை மூட்டமும் இருந்தது. கீழே ஷா ஆலம் கூரைகள், செம்பனை வரிசை, பிறகு பழுப்பு நிறத்தில் கிள்ளான் ஆறு. மாப்பிள்ளை திரும்பிச் சிரித்தார்.

"மச்சான், அக்காகிட்ட சொல்லி வச்சிருக்கேன். வீட்டுக்குப் பக்கத்துத் திடல்ல சேலை விரிச்சு வைப்பாங்க. நாம ஒரு வட்டம் போட்டுக் காட்டிட்டுத் திரும்பிடுவோம்."

அவருடைய அக்கா கிள்ளானில் இருக்கிறார். பெரிய குடும்பம். பறக்கிற தம்பியைப் பார்க்கத் தெருவையே கூட்டியிருப்பார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. காட்டிலும் துணிதான் விரிப்பார்கள். ஆரஞ்சுத் துணி. அதைக் கண்டுபிடிப்பது வாசல் ஆளின் வேலை. சேலை என்றதும் என் கண் தானாகத் தேட ஆரம்பித்துவிட்டது. அவருக்கு முன்னால் நான்தான் பார்த்தேன். ஒரு மஞ்சள், ஒரு நீலம். பச்சைத் திடலில் பக்கத்தில் பக்கத்தில். சுற்றிப் புள்ளி புள்ளியாக ஆட்கள்.

"லெப்ட்," என்றேன்.

இடது பக்கம் சாய்த்தார். உயரம் குறைத்தார். முதல் வட்டம் நன்றாக இருந்தது. ஆட்கள் கை ஆட்டினார்கள். பிள்ளைகள் ஓடினார்கள். இரண்டாவது வட்டத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கினார்.

"அதோ அக்கா! மஞ்ச சேலைக்குப் பக்கத்துல! தெரியுதா?"

"தெரியுது. போதும் மாப்பிள்ளை."

"ஒண்ணே ஒண்ணு."

காற்று எங்களைத் திடலை விட்டு வெளியே தள்ளியது. அவர் தலை இடது கண்ணாடியை விட்டுத் திரும்பவே இல்லை. கண் சேலையில். சேலை நழுவப் பார்த்தது. இவர் ஓட்டுகிற பிடியை இழுத்தார். வட்டம் சுருங்கியது. என்னை யாரோ சீட்டோடு அழுத்துகிற மாதிரி இருந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் சிவப்புக் கட்டத்தைத் துரத்துகிற முகம்.

அப்போது ஊத ஆரம்பித்தது.

மெல்லிய ஊதல். பிள்ளைகள் ஊதுகிற பீப்பி மாதிரி. எனக்கு ஒரு காதுதான் நன்றாகக் கேட்கும், அதனால் எந்தச் சத்தமும் வலது பக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும். வலது பக்கம் கதவு. ஹெலிகாப்டரில் வருசக்கணக்கில் நான் கற்றது, ஊதினால் கதவு சரியாக மூடவில்லை. நான் கைப்பிடியை அழுத்தினேன். முழங்கையால் கதவை முட்டுக் கொடுத்தேன். ஊதல் நிற்கவில்லை. கூடியது. நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானம் உதறியது. கியர் விழாத பழைய லோரி உதறுகிற மாதிரி. அடுத்த நொடி இடது இறக்கை கீழே சரிந்து காணாமல் போனது. கீழே இருந்த திடல் முன் கண்ணாடிக்கு வந்துவிட்டது.

"அப்!" என்று கத்தினேன். "அப்! அப்!"

வேறு சொல் எனக்கு வரவில்லை. காட்டில் அந்தச் சொல் எத்தனையோ தடவை எங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அவர் தூக்கவில்லை. பிடியை முன்னால் தள்ளினார். தரையைப் பார்த்து, சேலையைப் பார்த்துத் தள்ளினார். மஞ்சள் சேலையின் கரை தெரிந்தது. ஆட்கள் சிதறி ஓடுவது தெரிந்தது. என் முட்டி எதையோ ஊன்றத் தேடியது. முடிந்தது என்று நினைத்தேன். தங்கச்சிக்கு யார் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

ஊதல் நின்றது.

இறக்கை திரும்பி வந்தது. இஞ்சின் அலறியது. மூக்கு மெல்ல மெல்ல எழும்பியது. ஒரு தென்னை மரத்தின் தலையைப் பக்கவாட்டில் பார்த்தேன். பிறகு கூரைகள். பிறகு வானம்.

மாப்பிள்ளை சுபாங் பக்கம் திருப்பினார். ரேடியோவில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். குரல் ஆடவில்லை. பூ மாதிரி இறக்கினார். ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்தார். காற்றாடி நின்ற பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

"நீங்க அப் அப்னு கத்துனீங்க மச்சான்."

"ஆமா."

"தூக்கியிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும்."

"எனக்குத் தெரியாது. ஹெலிகாப்டர்ல தூக்கணும்."

"இதுல தள்ளணும், மூக்கு எறங்கி வேகம் வந்தாத்தான் ரெக்கை மறுபடி தாங்கும். வாத்தியார் சொல்லித்தான் கொடுத்தாரு. ஆனா கை தானா போனது கேமினால. அதுல தூக்கித் தூக்கியே எத்தனையோ தடவ செத்திருக்கேன்."

கேமைப் பற்றி நான் மனசுக்குள் வைத்திருந்த எண்ணம் அந்த இடத்தில் கொஞ்சம் அசைந்தது. திரையில் செத்ததும் வீணாகப் போகவில்லை.

பிறகு நான் கேட்டேன். "அந்த ஊதல் என்ன?"

"எந்த ஊதல்?"

அவரைப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே கேட்கவில்லை.

"உதறுறதுக்கு முன்னால ஊதுச்சு. ரொம்ப நேரம். நான் கதவுன்னு நெனச்சேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அது கதவு இல்ல மச்சான். ரெக்கையில காத்து நிக்காம போகப் போகுதுன்னு அதுதான் முன்கூட்டியே சொல்லும். வாத்தியாரோட ஏறுனப்ப கேட்டிருக்கேன். வரும்னு தெரிஞ்சு காத்திருந்து கேட்டேன்." காதில் இருந்த மூடியைக் கழற்றி மடியில் வைத்தார். "துரத்தும்போது எனக்குக் காதே இருக்காது போல. அப்படியே பழகிட்டேன்."

பிரிக்பீல்ட்ஸ் போகும் வழியில் ஒரு சாலையோர ஒட்டுக்கடையில் நிறுத்தினார். இரண்டு தே தாரிக், நுரை வர ஆற்றிய பால் டீ. இரண்டும் ஆடை கட்டியது. யாரும் தொடவில்லை.

"உங்க தங்கச்சிகிட்ட என்னா சொல்லப் போறீங்க?"

"தெரியல."

மறைக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அங்கேயே 'வேணாம்' என்று முடிவு செய்திருப்பேன்.

பிளாட்டுக் கதவைத் திறந்ததும் தங்கச்சி எங்கள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"கிள்ளான்ல இருந்து அக்கா போன் பண்ணுச்சு. 'என்னமா வித்தை காட்டுனான் என் தம்பி, சேலைய எடுத்துக்கிட்டுப் போற மாதிரி கீழ வந்தான்'னு ஒரே சிரிப்பு. தெருவே கைதட்டுச்சாம்." அவள் சிரிக்கவில்லை. "அண்ணே, அது வித்தையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை சொன்னார்.

"வித்தை இல்ல. விட்டுட்டேன். அக்காவப் பாத்துக்கிட்டு விமானத்த விட்டுட்டேன். ஊதுச்சாம், எனக்குக் கேக்கல. அப்புறம் எப்படியோ புடிச்சிட்டேன்."

தங்கச்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். கீழே சடக்கில் பஸ் போகிற சத்தம் கேட்டது.

நான் சொன்னேன். "மாப்பிள்ளை, அத தொறங்க. சத்தம் வைங்க."

கம்பியூட்டரைத் திறந்தார். ஒரு விமானத்தை ஏற்றினார். சிவப்புக் கட்டம் வந்தது. துரத்தினார். வட்டம் சுருங்கியது. ஊதியது. திடலுக்கு மேலே கேட்ட அதே சத்தம் இல்லை, ஆனால் அதன் கூடப்பிறந்தது. மாசக்கணக்கில் இந்த வீட்டில் அது ஊதிக்கொண்டே இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை. அவர் கை தடியில் அப்படியே நின்றது. உள்ளே பிள்ளை எழுந்து அழுதது. தங்கச்சி போகவில்லை. அவர்தான் எழுந்து போய்த் தூக்கினார். தோளில் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நின்றார். எங்கேயோ மோதித் திரை சிவப்பாகிவிட்டிருந்தது.

"சொல்லுங்கண்ணே," என்றாள் தங்கச்சி. "நீங்க சொல்றதுதான்."

மாப்பிள்ளையின் கைக்கு வேலை தெரியும். அதைப் பார்த்துவிட்டேன். வாய்க்குப் பொய் இல்லை. அதையும் பார்த்துவிட்டேன். காது மட்டும் இல்லை. அப்புறம் அந்தச் சேலை. சேலை இல்லாமல் இருந்தால் நாங்கள் நேராகப் போய் நேராக வந்திருப்போம். அவரைச் சேலைக்குத் திருப்பிவிட்டதும் என் வாய்தான்.

"போலாம்," என்றேன். "அடுத்த வாரம் இல்ல. மொதல்ல வாத்தியாரோட ஏறுங்க மாப்பிள்ளை. நடந்தத சொல்லுங்க. அதே வட்டத்த உயரத்துல, அவரு பக்கத்துல இருக்கப் போடுங்க. காது கேக்குதுன்னு அவரு சொல்லணும். அப்புறம் இவங்கள ஏத்துங்க. கிள்ளான் மேல வட்டம் கிடையாது. சேலை கிடையாது."

"அக்கா கேக்காது மச்சான். விரிக்கும்."

"அத நான் பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கேம் சத்தத்தோடுதான் ஓடியது. முதல் சில நாள் பிள்ளை அழுதது. பிறகு குண்டுச் சத்தத்திலேயே தூங்கப் பழகிவிட்டது. வாத்தியார் அவரை விட்டு வாங்கினாராம். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை தங்கச்சி போன் பண்ணினாள். "நாளைக்குப் போறோம் அண்ணே."

மறுநாள் நான் சுபாங் போகவில்லை. கிள்ளான் போனேன்.

அக்கா வாசலில் நின்றார். கையில் மஞ்சள் சேலை. பிள்ளைகள் செருப்பு போட்டுக்கொண்டு தயாராக இருந்தார்கள்.

"வாங்கண்ணே, பசியாறிட்டீங்களா? தம்பி வர்ற நேரம். திடலுக்குப் போறோம்."

"போக வேணாம்."

"ஏன்?"

"கீழ ஆள் நின்னா அவருக்குக் கண்ணு இங்க வரும்."

"வரட்டுமே! எங்க தம்பி எங்களப் பாக்காம யாரப் பாப்பான்? ஊரே பாக்கலாம், நான் பாக்கக் கூடாதா?"

"சன்னல்ல இருந்து பாருங்க."

"இது நல்ல கூத்தா இருக்கே. நீங்க என்னா போலீஸா லா?"

ஒரு நாற்காலியை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன். போன தடவை நடந்தது வித்தை இல்லை என்று மட்டும் சொன்னேன். அக்காவின் முகம் மாறியது. கையில் இருந்த சேலையைப் பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளைகளை அதட்டிச் செருப்பைக் கழற்றச் சொன்னார்.

உட்கார்ந்திருப்பது ஏறுவதைவிடக் கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மேலே இருந்தால் கத்தவாவது செய்யலாம்.

முதலில் கேட்டது அக்காவுக்குத்தான். "வருது."

எனக்கு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சன்னலில் பிள்ளைகள் கை காட்டிய பக்கம் பார்த்தேன். சின்னதாக, வெள்ளையாக, நல்ல உயரத்தில். இறக்கை சாய்கிறதா என்று பார்த்தேன். சாய்ந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. இஞ்சின் சத்தம் ஒரே சீராக இருந்தது. திடலுக்கு நேர் மேலே வந்தது. திடலில் யாரும் இல்லை. புல் மட்டும்தான்.

சாயவில்லை. நேராகக் கடல் பக்கம் போனது.

"ஒரு வட்டம்கூடப் போடல பாருங்க," என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை.

திரும்பி வர வேண்டும் இல்லையா. அதற்கும் உட்கார்ந்திருந்தோம். வந்தது. அதே உயரத்தில் போனது. சத்தம் தேய்ந்தது. அப்புறமும் நான் எழுந்திருக்கவில்லை. அக்கா கொடுத்த காப்பியைக் குடித்தேன். ருசி தெரியவில்லை.

போன் அடித்தது. அக்கா எடுத்து என்னிடம் நீட்டினார். நல்ல காதில் வைத்தேன்.

"எறங்கிட்டோம் அண்ணே," என்றாள் தங்கச்சி. "பிள்ளை பாதி வழியிலயே தூங்கிடுச்சு."

"ஊதுச்சா?"

"தரையத் தொடுறப்ப லேசா ஊதுச்சு. அப்ப ஊதுறது சரிதானாம். அவரு எனக்கு முன்னாடியே கேட்டுட்டாரு. 'கேக்குது, கேக்குது'ன்னு சத்தமா சொல்லிக்கிட்டே எறக்குனாரு. பிள்ளை எழுந்திருச்சிருச்சு."

பின்னால் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. நல்ல சத்தமாக.

சரி என்றேன். போனை வைத்தேன். வாசலில் இருந்த நாற்காலியை எடுத்து உள்ளே போட்டேன்.